குன்னூர் சரிவில் பெரிய கற்பூர மரம், அடியில் காளான்: தலையை வெட்டினால் போதுமா?

மேட்டுவீடு:

குன்னூரில் வெலிங்டன் பக்கம், சரிவில் வீடு. வீட்டுக்கு மேல்புறம், சுவரிலிருந்து 9 மீட்டர் தள்ளி, எங்கள் பட்டா நிலத்திலேயே ஒரு பழைய கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நிற்கிறது. நெஞ்சு உயரத்தில் சுற்றளவு 3.6 மீட்டர். உயரம் 30 மீட்டருக்குக் குறையாது. வீட்டைப் பார்த்து லேசான சாய்வு. இரண்டு வருடம் முன்பு மரத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் மண்ணை வெட்டித் தடுப்புச் சுவர் கட்டினோம். அது மரத்திலிருந்து இரண்டரை மீட்டரில் ஓடுகிறது. இப்போது மரத்தடியில், கீழ்ப்புறமாக, தட்டுத் தட்டாகப் பழுப்பு நிறக் காளான். அதற்கு மேலே கை நுழையும் அளவுக்கு ஒரு பொந்து.

மரம் வெட்டுபவர் ஒருவர் வந்து பார்த்தார். "தலையப் பாதியில எடுத்துட்டா காத்து புடிக்காது, பொந்துல சிமெண்ட் அடைச்சு, வெட்டுன எடத்துல தார் பூசிடலாம், இன்னும் இருபது வருஷம் நிக்கும்" என்கிறார். இதை நம்பலாமா?

கேட் ஓரத்தில் ஒரு சைப்ரஸ். அதில் நாலைந்து கிளைகள் மட்டும் தனித்தனியாகப் பழுப்பாகிவிட்டன, ஒரு பக்கம் தெருவில் போகும் மின்கம்பியை உரசுகிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் இரண்டையும் முடிக்க வேண்டும்.

வேர்ப்பிடி:

தலையை விடுங்கள், முதலில் காலைப் பாருங்கள். நீங்கள் எழுதியதிலேயே மூன்று அறிகுறிகள் இருக்கின்றன, மூன்றும் தரைமட்டத்தில்தான்.

முதலாவது அந்தச் சுவர். சுற்றளவு 3.6 மீட்டர் என்றால் விட்டம் சுமார் 1.15 மீட்டர். மரம் நலமாக வாழ, விட்டத்தைப் போல் 12 மடங்கு ஆரத்துக்குள் வேரைத் தொடக்கூடாது என்பது பொதுக் கணக்கு. உங்கள் மரத்துக்கு அது கிட்டத்தட்ட 13.8 மீட்டர். அதற்குள்தான் உங்கள் வீடே இருக்கிறது, சரி. ஆனால் மரம் நிமிர்ந்து நிற்கவே தேவையான தடித்த வேர்கள் இந்தப் பருமனுக்கு மூன்றரை மீட்டருக்குள் இருக்கும். சுவருக்கு வானம் தோண்டியது இரண்டரையில். அதாவது கீழ்ப்புறம் முட்டுக் கொடுக்கிற வேர்களை வெட்டியாகிவிட்டது. சரிவு மரத்தில் மேல்புற வேர் இழுத்துப் பிடிக்கும், கீழ்ப்புற வேர் முட்டுக் கொடுக்கும். ஒன்று போனால் பாரமெல்லாம் மற்றதன் மேல்.

இரண்டாவது காளான். தட்டுக்காளான் என்பது உள்ளே பல வருடமாக நடக்கும் அழுகலின் வெளிப்பூ. அதைச் சுரண்டி எறிவதால் ஒன்றும் ஆகாது. முதலில் போட்டோ எடுத்து, எந்தப் பக்கம், தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று குறித்து வையுங்கள். பின்னால் அனுமதி விண்ணப்பத்துக்கும் உதவும்.

மூன்றாவது சாய்வு. அடிமரம் சாய்ந்து, மேலே போகப்போக நிமிர்ந்திருந்தால் அது பழைய சாய்வு, மரமே சரிசெய்து வளர்ந்திருக்கிறது. அடி முதல் நுனி வரை ஒரே கோடாகச் சாய்ந்திருந்தால் புதியது.

இவற்றைச் செய்துவிட்டு இங்கே எழுதுங்கள்:

ஒரு மரச் சுத்தியலால் தரையிலிருந்து தலை உயரம் வரை, சுற்றிலும் ஒரு சாண் இடைவெளியில் தட்டுங்கள். நல்ல மரம் கிண்ணென்று கேட்கும், பொள்ளல் மந்தமாக ஒலிக்கும். மந்தமான இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள்.

பிறகு 6 மி.மீ. கனமுள்ள நீளமான டிரில் பிட்டால், முழங்கால் உயரத்தில் நாலே நாலு இடத்தில், நாலு திசையிலும் ஒவ்வொன்று. இஷ்டத்துக்குத் துளைக்காதீர்கள். அழுகலைத் தடுக்க மரம் உள்ளே எழுப்பியிருக்கும் அரணை ஒவ்வொரு துளையும் உடைக்கிறது. வெளியே வரும் தூள் வெளிர் நிறத்தில் இழை இழையாக வரும்வரை நல்ல மரம். கறுத்து ஈரமாகவோ, பிட் சட்டென்று உள்ளே போய்விட்டாலோ அழுகல். எத்தனை சென்டிமீட்டரில் அது நடந்தது என்பதுதான் வேண்டும். உங்கள் மரத்தின் ஆரம் 57 செ.மீ. ஜெர்மனியின் மர ஆய்வாளர் கிளாஸ் மாட்டெக் வகுத்த அளவுப்படி, நல்ல மரத்தின் கனம் ஆரத்தில் பத்தில் மூன்று பங்காவது இருக்க வேண்டும். இங்கே 17 செ.மீ. பொந்து வெளியே அகலமாகத் திறந்திருந்தால் அந்தக் கணக்கும் பத்தாது, இன்னும் கனமாக இருந்தாக வேண்டும்.

கடைசியாக மேல்புறம் போய் மண்ணைப் பாருங்கள். சருகை ஒதுக்கிவிட்டு, மரத்தைச் சுற்றி வளைவாக விரிசல் ஓடுகிறதா என்று.

சோலைநிழல்:

தலை வெட்டுவது பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் மலை முழுக்க இதைத்தான் செய்கிறார்கள்.

கற்பூர மரத்தைப் பாதியில் வெட்டினால் அது சாகாது. பட்டைக்கு அடியில் தூங்கும் மொட்டுகள் நூற்றுக்கணக்கில் எழுந்து, வெட்டிய இடத்தைச் சுற்றிக் கொத்தாகத் தளிர்க்கும். பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் இயல்பான கிளை மரத்தின் நடுவிலிருந்து வருடா வருடம் மடிப்பு மடிப்பாகப் பின்னி வளர்ந்தது. இந்தத் தளிர் வெளிமரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பது. அதற்குக் கீழே, தொப்பி மாதிரித் திறந்து கிடக்கும் வெட்டுமுகத்தில் மழை இறங்கி அழுகிக்கொண்டே போகும். சில வருடங்களில் ஒவ்வொரு தளிரும் கை கனத்துக்கு மேல் பருத்து, பல மீட்டர் நீண்டு, அழுகின அடித்தளத்தில் நிற்கும். காற்று பிடிக்காது என்று வெட்டிய மரம் முன்னைவிட அடர்த்தியாகக் காற்றைப் பிடிக்கும். உங்கள் மரத்தில் வேரே பாதி போயிருக்கும்போது இலையையும் எடுத்துவிட்டால், மிச்ச வேருக்குச் சோறு போடவும் ஆளில்லை.

சிமெண்ட் வேண்டவே வேண்டாம். மரம் காற்றில் வளையும், சிமெண்ட் வளையாது. இரண்டும் உரசி நல்ல மரத்தையும் தேய்க்கும், இடுக்கில் தண்ணீர் தேங்கும். என்றைக்காவது அதை வெட்ட வருகிறவரின் பவர் சா சங்கிலி அதில் பட்டால் பல் போவது மட்டுமல்ல, ரம்பமே முகத்தை நோக்கி எகிறும். தாரும் அப்படித்தான். மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுற்றிலும் அரண் கட்டி ஒதுக்கி வைக்கிறது என்பதை அமெரிக்க வனநோய் அறிஞர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்துக் காட்டினார். மேலே பூசுகிற எதுவும் அந்த வேலையைச் செய்யாது. ஈரத்தைப் பூட்டி வைத்துப் பூஞ்சணத்துக்குத்தான் உதவும்.

சைப்ரஸுக்கு வருகிறேன். அதன் குணம் நேர் எதிர். பழைய மரத்தில் மறுதளிர் கிடையாது. பச்சை முடியும் இடத்தைத் தாண்டி உள்ளே வெட்டினால் அந்தப் பக்கம் காலத்துக்கும் மொட்டைதான். அதனால் கம்பிப் பக்கத்தை மட்டும் சீவி விடுங்கள் என்று ஆளிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விடாதீர்கள்.

தனித்தனிக் கிளை பழுப்பாவது பெரும்பாலும் சைப்ரஸ் புற்றுநோய் என்கிற பூஞ்சண நோய். கிளையைத் தடவிக்கொண்டே அடிவரை போங்கள்: பட்டை உள்ளே குழிந்து, பிசின் கசிந்திருக்கும் இடம் அகப்படும். அதற்குக் கீழே ஒரு முழமாவது நல்ல பகுதி சேர்த்து, அடுத்த கவட்டையில் வெட்ட வேண்டும். மழையில்லாத நாளில் செய்யுங்கள், ஒவ்வொரு கிளைக்கும் நடுவில் ரம்பத்தை 70 சத ஸ்பிரிட்டால் துடையுங்கள், வெட்டியதை எரித்துவிடுங்கள். குழிவு தண்டிலேயே இருந்தால் மரம் தேறாது.

வெட்டும் முறை கடைப்பிடித்தால் பாதி நோய் வராது. கிளையின் அடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, கீழிருந்து மேலாகக் கால்வாசி ஆழத்துக்கு முதல் வெட்டு. அதிலிருந்து இரண்டு விரல் வெளியே தள்ளி, மேலிருந்து இரண்டாவது வெட்டு. கிளை பட்டையைக் கிழிக்காமல் ஒடிந்து விழும். கடைசியாக மிச்சக் குச்சியை, கிளை தண்டோடு சேரும் இடத்தில் புடைத்திருக்கும் வளையத்துக்குச் சற்று வெளியே. தண்டோடு வழித்து வெட்டினால் வளையம் போய்விடும். குச்சியை நீட்டி விட்டால் அது காய்ந்து அழுகலுக்கு வழிவிடும். மொத்தத்தில் ஒரு முறைக்கு இலைப்பரப்பில் கால்வாசிக்கு மேல் எடுக்கக் கூடாது, வயதான மரத்தில் இன்னும் குறைவு.

மேட்டுவீடு:

இரண்டு பேருக்கும் நன்றிங்க. பார்த்துவிட்டேன். கீழ்ப்புறம் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை மந்தமான சத்தம். அதற்கு மேலே நன்றாகக் கேட்கிறது. துளைத்ததில் மேல்புறம் 22, கிழக்கே 19, மேற்கே 9, கீழ்ப்புறம் 6 செ.மீ. மேல்புற மண்ணில் சருகுக்கு அடியில் விரல் நுழையும் விரிசல், மரத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, வில் மாதிரி வளைந்து நாலு மீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. சாய்வு ஒரே கோடுதான்.

சைப்ரஸில் பிசின் குழிவு கிளைகளில் மட்டும்தான், தண்டு சுத்தம்.

வேர்ப்பிடி:

அப்படியானால் சைப்ரஸைக் காப்பாற்றலாம், கற்பூரத்தை எடுத்தாக வேண்டும். 9-ம் 6-ம் மட்டும் என்றால் வேறு வழி யோசிக்கலாம். அந்த விரிசல் வேர்க்கட்டே மண்ணோடு சேர்ந்து தூக்கத் தொடங்கிவிட்டதைச் சொல்கிறது. அதைத் தலையிறக்கியோ கம்பி கட்டியோ சரிக்கட்ட முடியாது.

வேலை நடக்கும்வரை: விரிசலின் இரு கரையிலும் ஓர் இரும்பு ஆணி அடித்து, இடையிலான தூரத்தை மி.மீ. கணக்கில் தினம் குறியுங்கள். விரிசலுக்குள் மழைத்தண்ணீர் இறங்காதபடி தார்ப்பாயை மேட்டுப் பக்கம் செருகி மூடுங்கள்; குளியலறைத் தண்ணீர் அந்தச் சரிவில் விடப்பட்டிருந்தால் இன்றே திருப்புங்கள். தடுப்புச் சுவரின் வடிகால் துளைகள் அடைபட்டிருந்தால் குத்தி விடுங்கள். அளவு கூடிக்கொண்டே போனாலோ, நாள் முழுக்க மழை அடித்தாலோ, மேட்டுப்பக்க அறைகளில் யாரும் படுக்க வேண்டாம். குன்னூருக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். 2009 நவம்பர் மழையில் இந்தச் சரிவுகள் எப்படிச் சரிந்தன என்று ஊருக்கே தெரியும்.

தேயிலைமேடு:

பேசாமல் மேட்டுப் பக்கம் வடம் கட்டி, டிர்ஃபர் (கையால் இயக்கும் இழுவைக் கருவி) போட்டு இழுத்து, சரிவுக்குக் குறுக்கே ஒரே வெட்டாகச் சாய்த்துவிடலாமே? ஒரு நாள் வேலை. துண்டு துண்டாக இறக்கினால் கூலி மூன்று மடங்கு ஆகும்.

வடமும் கப்பியும்:

முடியாது தேயிலைமேடு. ஏனென்று கேளுங்கள்.

மரத்தைத் திசை மாற்றிச் சாய்க்க வேண்டுமென்றால் அதை வழிநடத்துவது வெட்டாமல் விடுகிற கீல்தான். சாயும் பக்கம் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஆழத்துக்கு வாய் வெட்டி, பின்னாலிருந்து வெட்டி வரும்போது நடுவே விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்குக் கீல் விடுவோம். இந்த மரத்துக்கு 11 செ.மீ. கனம். அந்தக் கீல் நல்ல மரமாக இருந்தால்தான் பிடிக்கும். இங்கே மேற்கிலும் கீழ்ப்புறத்திலும் 9, 6 செ.மீ. ஓடு, உள்ளே சகதி. இழுவை ஏறும்போது கீல் நொறுங்கும், மரம் தன் சாய்வுப்படி வீட்டின் மேல் வரும். 9 மீட்டரில் வீடு, 30 மீட்டர் மரம். போதாததற்கு, சாய்ந்த கற்பூர மரம் பின்வெட்டு முடியும் முன்பே நீளவாக்கில் பிளந்து, அடி எகிறி வெட்டுபவரின் மார்பில் அடிக்கும் வகை.

ஆக, மேலிருந்து துண்டு துண்டாகத்தான். ஆனால் அதிலும் இந்த மரத்துக்கென்று கட்டுப்பாடு உண்டு. 60 செ.மீ. விட்டத்தில் ஒரு மீட்டர் பச்சைத் தடி ஏறக்குறைய 300 கிலோ. அதை மரத்திலேயே கட்டிய கப்பியில் விழவிட்டுப் பிடித்தால், அந்தக் கணத்தில் மரத்தில் ஏறும் அதிர்ச்சி அதன் எடையைப் போல் பல மடங்கு. தூக்கிக்கொண்டிருக்கும் வேர் தாங்காது. எனவே:

யாரும் ஏறும் முன் மரத்துக்கே காப்பு. மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் வடம் கட்டி, மேட்டுப் பக்கம் விரிந்த கோணத்தில் இரண்டு நல்ல மரங்களின் அடியில் இழுத்துக் கட்டுங்கள். தென்னங்கயிறு, மீன்வலை நைலான் எதுவும் ஆகாது. நைலான் ரப்பராக நீளும். இரட்டைப் பின்னல் பாலியஸ்டர், 16 மி.மீ. எந்த வடத்திலும் அறுபடும் எடையில் பத்தில் ஒரு பங்குதான் ஏற்றலாம்: 5 டன்னில் அறும் வடத்துக்கு 500 கிலோ. மேலே ஏறாமலே எறிநூலும் சிறு ஈயப்பையும் கொண்டு கவட்டையில் வடத்தை ஏற்றலாம்.

ஏறுகிறவரின் கயிற்றுக்கு அந்த மரம் நம்பத் தகுந்ததல்ல. பக்கத்தில் நல்ல மரம் எட்டும் தூரத்தில் இருந்தால் அவருடைய முதன்மைக் கயிற்றை அதன் உச்சியில் கட்டுங்கள். அப்படி மரமே இல்லை, கிரேன் வரவும் பாதை இல்லை என்றால், நல்ல ஆள் அந்த வேலையை மறுத்துவிடுவார், மறுத்தால் கோபிக்காதீர்கள். பவர் சா கையில் இருக்கும் நேரம் இரண்டு தனித்தனிப் பிடிப்பு கட்டாயம், அதில் ஒன்று இடுப்போடு மரத்தைச் சுற்றி மாட்டும், உள்ளே எஃகுக் கம்பி ஓடும் இடைக்கயிறு.

கிளைகளை வீட்டுப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். சாய்வுப் பாரம் முதலில் குறையும். சிறு துண்டு, கையில் பிடித்து எறியும் அளவு, 15 கிலோவுக்குள். கனத்த துண்டுகளை விழவிட்டுப் பிடிக்காமல், முதலில் வடத்தை இறுக்கி, பாரத்தை அதில் ஏற்றிய பிறகே வெட்ட வேண்டும். அதற்கும் கப்பி அடுத்த மரத்தில் இருப்பதே மேல். கீழே அடிமரத்தில் கட்டிய உராய்வுக் குழாயில் சுற்றித்தான் வடம் ஓட வேண்டும், வெறுங்கையில் பிடிப்பவர் விரலை இழப்பார்.

தண்டை 6, 7 மீட்டர் வரை இறக்கிவிட்டால், மிச்சத்தைக் குறுக்கே சாய்க்கலாம். அப்போது உயரம் வீட்டை எட்டாது. அதையும் அழுகலுக்கு மேலே, உங்கள் கணக்குப்படி ஒன்றே கால் மீட்டர் உயரத்தில், நல்ல மரத்தில் வெட்டுங்கள். அறுத்த தடி உருளாமல் இருக்க அதன் கீழ்ப்புறம் முளைக்கழி அடித்து வையுங்கள், சரிவில் யாரும் தடிக்குக் கீழே நிற்கக் கூடாது. கிளையே அசையும் காற்றில் வேலை நிற்க வேண்டும்.

இன்னொன்று: உயரத்தில் மலைத்தேன் அடை இருக்கிறதா என்று பைனாகுலரில் பாருங்கள். ரம்பச் சத்தத்துக்குக் கிளம்பினால் கயிற்றில் தொங்குபவருக்கு ஓட இடமில்லை.

கோப்பு எண்:

வேலைக்கு முன் காகிதம். பட்டா நிலம் என்றாலும் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், 1955 நீலகிரிக்குப் பொருந்தும். எழுத்துமூல அனுமதி இல்லாமல் வெட்டினால் வழக்கு. ஆபத்தான மரம் என்று குறிப்பிட்டுக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள், நகலை வனச்சரக அலுவலகத்துக்கும். சர்வே எண்ணுடன் பட்டா நகல், மரத்தின் சுற்றளவு, வீட்டுக்கு உள்ள தூரம், டேப் வைத்து எடுத்த விரிசல் போட்டோ, நாலு துளை அளவு, ஆணித் தூரத்தின் தேதிவாரிக் குறிப்பு. "மரம் பயமாக இருக்கிறது" என்று எழுதும் மனு கிடப்பில் போகும். விரிசல் பத்து நாளில் இத்தனை மி.மீ. கூடியது என்று எழுதுவது பார்வைக்கு ஆள் வரவைக்கும். தடியை வெளியே கொண்டுபோக வாகன அனுமதி தேவையா என்பதையும் அப்போதே கேட்டு விடுங்கள்.

சைப்ரஸுக்கு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து எல்.சி. (வேலை முடியும்வரை கம்பியில் மின்சாரத்தை நிறுத்தித் தரும் அனுமதி) வாங்குங்கள். லைன்மேன் வந்து கம்பியை அணைத்து, வேலை நடக்கும் இடத்துக்கு இரு பக்கமும் எர்த் ராடு மாட்டிய பிறகே ஏணி சாய்க்க வேண்டும். ஃபியூஸ் எடுத்தாயிற்று என்ற வாய்ச்சொல் போதாது. பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் தவறாக இணைக்கப்பட்டிருந்தால் அணைத்த கம்பியிலும் மின்சாரம் திரும்பி வரும். ஈரக் கிளையும் கடத்தும்.

ஆளைப் பேசும்போது தொழிலாளர் காப்பீட்டு நகலை வாங்குங்கள். விபத்து நடந்தால் இழப்பீட்டுக் கேள்வி நில உரிமையாளரின் வாசலுக்கும் வரலாம்.

மேட்டுவீடு:

தெளிவாகிவிட்டது. திங்கட்கிழமை மனு கொடுக்கிறேன். அடிக்கட்டையை என்ன செய்வது? வேரோடு தோண்டி எடுத்துவிடவா?

சோலைநிழல்:

தோண்டாதீர்கள். தோண்டினால் அந்த விரிசலுக்குக் கீழே இருக்கும் மண் முழுக்கச் சுவரின் மேல் வந்து உட்காரும். அழுகலுக்கு மேலே வெட்டினாலும் மேல்புற வேர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. கட்டையிலிருந்து தளிர் வரும். மற்ற இடத்தில் அது தொல்லை, இங்கே உதவி. செத்த வேர் சில வருடங்களில் மக்கி மண்ணை விட்டுவிடும், தளிர் இருக்கும்வரை பிடித்துக்கொண்டிருக்கும். மேல்புறத் தளிர்களில் மூன்று நான்கை விட்டு, ஆள் உயரத்துக்கு மேல் போனால் நறுக்கிக்கொண்டே வாருங்கள். கீழ்ப்புறம் வருவதை எல்லாம் கிள்ளிவிடுங்கள், அங்கே அடித்தளமே இல்லை.

அதே பருவத்தில் கட்டைக்கு மேல்புறமும் பக்கங்களிலும் காட்டுப் பூவரசு, காட்டு நாவல் கன்றுகளை இரண்டு மீட்டர் இடைவெளியில் வையுங்கள். குழி ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம், சரிவில் பெரிய குழி தண்ணீர்த் தொட்டியாகிவிடும். கன்றுகள் நாலைந்து வருடத்தில் வேர் பிடித்த பிறகு கற்பூரத் தளிரை ஒவ்வொன்றாகக் குறைத்து நிறுத்திக்கொள்ளலாம். விரிசலைக் களிமண் கலந்து கெட்டித்து மூடி, அதற்கு மேட்டில் ஒரு அடி அகல வாய்க்கால் எடுத்துத் தண்ணீரைப் பக்கவாட்டில் ஓடைக்குத் திருப்புங்கள். கன்று வைக்கும் முன் அந்த வாய்க்கால் முடிந்திருக்க வேண்டும்.